அராவிய கீழ்த்தட்டு

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவனை மற்றவர்கள் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. பல்லுக்கொதி வந்த அயலவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சோம்பல்பட்டு என் படலையைத் தட்டுவார்கள். நான் பல் வைத்தியன் அல்ல, பல் கட்டுகிறவன் மட்டும்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. வாயைத் திறந்து காட்டிக்கொண்டே நிற்பார்கள். பார்த்தால், அரைவாசிப் பேருக்கு நான் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. முரசு, அதாவது பல்லீறு, பழுத்து, பல் ஆடி, சீழ் கட்டிய பிறகு வருவதுதான் எங்கள் ஊர்வழக்கம். அதற்கு முன்பு வந்தால் மரியாதை கெட்டுவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ!

போன மாதம் வந்தவர் வேறு மாதிரி. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பல் வைத்தியர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கதிரையில் இருக்குமுன்பே கதையைத் தொடங்கிவிட்டார். அங்கே இப்போது தாடை எலும்பில் துளை போட்டு உலோகத் திருகாணி ஒன்றை இறக்குகிறார்களாம். மாதக்கணக்கில் அப்படியே விட, எலும்பு வளர்ந்து அதைக் கவ்விக்கொள்ளுமாம். பிறகு அதன் தலையில் பல்லைப் பூட்டிவிட்டால் அது ஆடாது, கழலாது, சொந்தப் பல்லுத்தானாம்.

"உங்கட தட்டுகளுக்கு இனி வேலையில்லை ஐயா," என்று சொல்லிச் சிரித்தவர், என் அலுமாரியைத் திறந்து பார்த்தார். அதற்குள் பாரிஸ் சாந்தில் வார்த்த கீழ்த்தாடை அச்சு ஒன்றும், அதன் மேல் ஒரு கீழ்த்தட்டும் இருக்கின்றன. தட்டு என்பது முரசின் மேல் உட்காரும் இளஞ்சிவப்புப் பகுதி. அதில்தான் பற்கள் பதிந்திருக்கும். இந்தத் தட்டின் இடது பக்கம் பெரும்பாலும் இல்லை. அராவி அராவித் தேய்ந்து, முன்பற்களின் ஓரத்தோடு நின்றுவிட்டது.

"ஐயோ, இதை ஆர் இப்பிடிக் கெடுத்தது? நல்ல வேலையெல்லோ!"

"அது பெரிய கதை," என்றேன்.

"அப்ப எழுதித் தாங்கோ. எங்கட பொடியள் வாசிக்கட்டும்."

அதனால்தான் எழுதுகிறேன். எழுதி யாரையும் திருத்தலாம் என்ற எண்ணம் எனக்கு இல்லை.

வேலை பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுதந்திரம் கிடைத்த பின்பும் எங்கள் ஊர்த் துறைமுகத்தின் கடற்படைத் தளம் சில வருடங்கள் வெள்ளைக்காரர் கையில்தான் இருந்தது. அங்கே பல் அறையில் சாந்துத் தூள் கூட்டப் போனவன் நான். கூட்டக் கூட்ட, குழைக்கவும் வார்க்கவும் பழகினேன். அங்கிருந்த துரைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உடம்பில் எந்த நோவு வந்தாலும் அது சூத்தைப் பல்லில் இருந்துதான் பரவுகிறது என்பார். முழங்கால் நோகிறது என்று வந்த தொழிலாளியும் வாய் முழுக்கப் பஞ்சோடு வெளியே போவான். முழங்கால் அப்படியே நோகும். நாற்பது வயதில் கன்னம் குழிந்த ஆட்கள் துறைமுகத்தில் அப்போது நிறையப் பேர். கட்டிக்கொடுத்த பற்களைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சோறு தின்னும்போது கழற்றிவிட்டு, படம் பிடிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வார்கள். தளம் கைமாறியபோது எங்களில் சிலரை ஆஸ்பத்திரி எடுத்தது. அங்கேதான் பெரியையாவிடம் வந்து சேர்ந்தேன்.

பெரியையா என்றால் பல் பகுதிப் பெரிய டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தே கதைப்பவர். சிரித்து நான் கண்டது அரிது. பல் கட்ட வந்தவர் யாராக இருந்தாலும், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தராக இருந்தாலும் மீன் விற்கிறவராக இருந்தாலும், அவருக்கு ஒரே முறைதான். முதலில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவுவார். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, வலப்பக்கம், இடப்பக்கம், அடிப்பக்கம் பார்ப்பார். பிறகு விரலைக் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையே, கொடுப்புக்குள் விட்டு, வெற்றிலை அடக்கும் இடத்தை மெதுவாகத் தடவிக்கொண்டு போவார். கடைசியாகத் தாடைக்குக் கீழே கழலை ஏதும் திரண்டிருக்கிறதா என்று அழுத்துவார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிடுவார். பல் பிடுங்கிய காயம் முழுதாக மூடும்வரை அச்சு எடுக்க விடமாட்டார். எத்தனை பேர் வந்து கெஞ்சினார்கள்! கவுன்சில் உறுப்பினர் ஒருவர் சண்டையே பிடித்தார். "மூடாத வாயிலே பல்லுக் கட்டேலாது," என்ற ஒரு வரிதான் எல்லோருக்கும் பதில்.

இன்னொரு முறையும் வைத்திருந்தார். யாருடைய வாயோ அவரோடு மட்டும்தான் நோயைப் பற்றிப் பேசுவார். கூட வந்தவர்கள் வெளியே மரப்பலகை வாங்கில்தான் இருக்கவேண்டும். முன்பொரு முறை ஒரு பெண்ணின் வாய்ப்புண்ணைப் பற்றி அவளுடைய புருஷனிடம் சொன்னாராம். அவன் அன்றைக்கே அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். அதிலிருந்து அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் எதையும் சொல்வார். அது சரியான முறை என்றே நானும் நம்பினேன்.

நான் செய்யும் வேலை வேறு. அச்சுக்கட்டியை வெந்நீரில் இளக்கி, கிண்ணத்தில் நிரப்பி, வாய்க்குள் அழுத்திப் பிடிக்கவேண்டும். நோயாளிக்கு ஓங்காளம் வரும். மூக்கால் மூச்சு விடுங்கோ, மூக்கால் மூச்சு விடுங்கோ என்று சொல்லிக்கொண்டே நிற்கவேண்டும். அந்த அச்சில் சாந்து வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்து, பிறகு செப்பு அச்சுப் பெட்டிக்குள் வைத்துப் பிளாஸ்டிக் மாவை அடைத்து அவிக்கவேண்டும். அவித்ததும் அவசரப்பட்டுக் குளிர் நீரில் போட்டால் தட்டு முறுக்கிவிடும். தானாக ஆறவேண்டும். ஆறிய தட்டை அரத்தால் அராவி, மணல்தாளால் தேய்த்து, கடைசியில் மினுக்குவோம். நல்ல தட்டு வாயில் இருப்பதே தெரியாது. தொழிலின் கெட்டித்தனம் அதுதான். அந்தக் கெட்டித்தனத்தைத்தான் நான் இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

பூமணியக்கா வந்தது தளம் கைமாறி நாலைந்து வருடத்துக்குப் பிறகு. இலங்கைத்துறையில் கடற்தொழில் செய்யும் குடும்பம். லொறியிலும் நடந்தும் மூதூருக்கு வந்து, அங்கிருந்து லாஞ்சுப் படகு பிடித்து, புருஷனோடு வந்திருந்தா. புருஷனின் பெயர் கதிராமத்தம்பி. கையில் ஒரு மீன் பொதியோடு வாங்கில் இருந்தார். அக்காவுக்கு மேலே பல்லே இல்லை. கீழேயும் ஒவ்வொன்றாக ஆடி விழுந்து முடிந்திருந்தன. இடது கடைவாய்ப் பல்லொன்று தானாகவே கழன்று விழுந்து மூன்று மாதம் என்றா. வெற்றிலைக்காவி உதடுவரை ஏறியிருந்தது.

"மகளுக்குக் கலியாணம் தம்பி," என்று என்னிடம்தான் முதலில் சொன்னா. "கிளிவெட்டியில மாப்பிள்ளை. வயற்காரக் குடும்பம். பொம்பிளை பாக்க வந்த நேரம் நான் சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். 'தாய்க்கு என்ன வருத்தம், ஏதும் நோயோ?' எண்டு கேட்டுப்போட்டினம். எனக்குச் செத்துப்போகலாம் போல கிடந்தது. கலியாணத்துக்கு முந்திக் கட்டித் தரவேணும்."

பெரியையா வழக்கம்போல விரலை விட்டுத் தடவினார். இடது கொடுப்புக்குப் போனதும் விரல் நின்றது. பல் விழுந்த குழி மூடவில்லை. அதைச் சுற்றிச் சதை தடித்து, காலிஃபிளவர் மாதிரி ஓரம் மேலெழுந்திருந்தது. தாடைக்குக் கீழே அழுத்தினார். கையைக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது பல்லு வருத்தமில்லை. கொழும்புக்குப் போகவேணும்."

எங்கள் ஊரில் வாய்ப்புண்ணோடு வந்தவரிடம் கொழும்பு என்று சொன்னால் அது புற்றுநோய் ஆஸ்பத்திரிதான், வேறு விளக்கம் தேவையில்லை. அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் அழவில்லை.

"போனா எப்ப திரும்பலாம் ஐயா?"

"மாசக்கணக்கு ஆகலாம்."

"அப்ப கலியாணம் முடியட்டும்."

"கலியாணம் காத்திருக்கும். இது காத்திராது."

"கலியாணம் காத்திராது ஐயா," என்றா அக்கா. "தாய்க்குப் புத்து எண்டு தெரிஞ்சா என்ர பிள்ளையை ஆர் எடுப்பினம்? அவருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. அவர் கள்ளங்கபடமில்லாத மனுசன். வள்ளத்தில ஏறினவுடன எல்லாருக்கும் சொல்லிப்போடுவார்."

பெரியையா யன்னலுக்குப் போய் நின்றார். துறைமுகத்தில் கப்பல் ஏதும் இல்லை, பார்ப்பதற்கும் எதுவும் இல்லை. இப்படி முன்பும் சிலரைப் பல் கட்டாமல் அனுப்பியிருக்கிறோம். ஒருவரும் கொழும்புக்குப் போகவில்லை, எங்களிடமும் திரும்பி வரவில்லை. அது அவருக்கும் தெரியும். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"பல்லுக் கட்டித் தாறன். கலியாணம் முடிஞ்ச அடுத்த திங்கட்கிழமை முதல் லாஞ்சில வந்து இறங்கவேணும். கொழும்புக்கு நானே கூட்டிக்கொண்டு போவன்."

அக்கா கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டுச் சத்தியம் செய்தா. மூடாத வாயில் பெரியையா பல் கட்டச் சொன்னது என் காலத்தில் அந்த ஒரு முறைதான். எனக்கும் அது சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு தாய் மகளின் கலியாணத்தில் வாயைப் பொத்தாமல் நிற்கப்போகிறாள் என்ற நினைப்புத்தான் எனக்கு.

அந்தத் தட்டுக்கு நான் பட்ட பாடு வேறு எதற்கும் பட்டதில்லை. மேல்தட்டு இலகுவான வேலை. கீழ்த்தட்டு இடது பக்கத்தில் புண்ணைத் தொடாமல், அதற்கு முன்பே நிற்கவேண்டும். அப்படி நின்றால் ஆடும், ஆடாமல் இருக்க வலது பக்கம் முரசை நன்றாகக் கவ்வவேண்டும். மூன்றாம் முறை அச்சு எடுத்தபோதுதான் சரியாக அமைந்தது. பல் அடுக்கியபோது வெள்ளைப் பல் வேண்டாம் என்றா அக்கா. "வெள்ளையா இருந்தா கட்டுப்பல்லு எண்டு தெரிஞ்சுபோம் தம்பி." கொஞ்சம் மங்கலான பற்களாகப் பொறுக்கிப் போட்டேன். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் புருஷனிடம் சிரித்துக் காட்டினா. அந்த மனுசன் வாங்கிலிருந்து எழும்பி நின்றுவிட்டார்.

"நோகுதோ?" என்று கேட்டார் பெரியையா.

"ஒரு நோவுமில்லை ஐயா. முந்தித்தான் சோறு பட்டாலும் எரியிறது."

பல் இல்லாத வெறும் முரசால் மென்றபோது சோறெல்லாம் போய்ப் புண்ணில் உரசியது. இப்போது தட்டு அந்த இடத்துக்கு உரசல் போகவிடாமல் தடுத்தது. கலியாணம் நல்லபடி நடந்ததாகக் கேள்விப்பட்டோம். அடுத்த திங்கட்கிழமை பெரியையா காலையிலேயே துறைக்குப் போய் நின்றார். அப்படி ஒரு நோயாளிக்காக அவர் நின்றதை யாரும் கண்டதில்லை. முதல் லாஞ்சு வந்தது. அடுத்ததும் வந்தது. அக்கா வரவில்லை.

இரண்டு முறை ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பலன் இல்லை. மூன்றாம் முறை என்னையே அனுப்பினார். மூதூருக்குப் போய், லொறியில் தொற்றி, மிச்சத்தை மணலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். அக்கா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சீலைத் தலைப்பை இடது கன்னத்துக்கு இழுத்துவிட்டுச் சிரித்தா. நான் அடுக்கிய பற்கள் அப்படியே வரிசையாகத் தெரிந்தன. தேத்தண்ணீர் தந்தா. அவித்த கிழங்கு தந்தா.

"பெரியையா பாத்துக்கொண்டிருக்கிறார் அக்கா."

"வராமல் விடமாட்டன் தம்பி. மகள் முழுகாமல் இருக்கிறா. பிள்ளைப்பேறு முடியட்டும். தாய் பக்கத்தில இல்லாட்டி அங்க என்ன கதைப்பினம்?"

"தட்டைக் கழட்டுங்கோ, ஒருக்காப் பாப்பம்."

"வேண்டாம். நல்லாத்தான் கிடக்கு. நீங்கள் கட்டின பல்லெல்லே! ஒரு நோவுமில்லை."

கதிராமத்தம்பி கடலுக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்திருக்கலாம்தான். ஆனால் கண்டிருந்தாலும் நான் எதையும் சொல்லியிருக்க மாட்டேன். வாய் அக்காவுடையது. பேச்சும் அக்காவோடுதான். அதுதான் எங்கள் முறை. திரும்பி வந்து, "நோவில்லையாம்," என்று பெரியையாவிடம் சொன்னேன். அவர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "நோகவேணும்! நொந்தால்தானே வருவா!" என்றார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் நல்ல வேலை அந்த மனுசிக்கு இருந்த ஒரே எச்சரிக்கையையும் பறித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் நினைத்ததும் சரியில்லை. அது அடுத்த வருடம் கதிராமத்தம்பி வந்த அன்றுதான் தெரிந்தது.

அவர் தாடி வளர்த்திருந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணிப் பொதி. வாங்கில் இருக்கச் சொன்னால் இருக்கவில்லை. பெரியையா உள்ளே கூப்பிட்டார். பொதியை அவிழ்த்து மேசையில் வைத்தார். மேல்தட்டும் கீழ்த்தட்டும் கழுவிச் சுத்தமாக இருந்தன.

"மனுசி எங்களை விட்டுப் போட்டா ஐயா. பேரப்பிள்ளையை மடியில வைச்சிருந்திட்டுத்தான் போனவ. இது அரசாங்கத்தின்ர சாமானெல்லோ? மண்ணுக்குள்ள வைக்கலாமோ எண்டு தெரியேல்லை. அதுதான் கழட்டிக் கொண்டுவந்தனான்."

ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கட்டிக் கொடுத்த பல்லை இப்படித் திருப்பிக் கொண்டுவந்தவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பெரியையாதான் கீழ்த்தட்டைக் கையில் எடுத்தார். இடது பக்கம் இல்லை. நான் முடித்துக் கொடுத்த எல்லைக்கும் முன்னே, நான் பதித்த பற்களில் இரண்டையும் சேர்த்து அராவியிருந்தது.

கதிராமத்தம்பி அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது நான்தான் ஐயா. 'பல்லு இறுக்குது, இந்தப் பக்கம் கொஞ்சம் அராவித் தாங்கோ' எண்டு கேப்பா. கத்தி தீட்டுற சாணைக்கல்லில வைச்சுத் தேய்ச்சுக் குடுப்பன். கொஞ்ச நாளால திரும்பக் கேப்பா. முகம் வீங்கினதைப் பாத்து என்ன எண்டு கேட்டன். முரசில காத்துப் பிடிச்சிட்டுது எண்டவ. கடைசியிலதான் நாட்டுமருந்துப் பரியாரி வந்து பாத்திட்டு, புத்து எண்டு சொன்னவர்." வெள்ளைத் துணியை மடித்துக் கையில் எடுத்தார். "சாமானைப் பழுதாக்கினதுக்கு என்ன எண்டாலும் செய்யுங்கோ. நான் அதுக்கு வரேல்லை. ஒண்டு கேக்கவேணும். நான் அராவினதாலதான் அந்தப் புண் பெருத்ததோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் அந்த மனுசன் லொறியும் லாஞ்சும் ஏறி வந்திருக்கிறார். அரசாங்கச் சாமான் என்பதெல்லாம் படியேறுவதற்கு ஒரு சாட்டு.

பெரியையா தட்டை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அராவிய ஓரத்தைப் பெருவிரலால் இரண்டு முறை தடவினார். ஒரு பிசிறு இல்லை. மீன்காரன் சாணைக்கல்லில் தேய்த்த ஓரம் எங்கள் மினுக்கலுக்குக் குறையாமல் வழுவழுப்பாக இருந்தது. பிறகு அவர் திரும்பி, அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"இல்லை. புண் தன்பாட்டில வளர்ந்தது. நீங்கள் அராவினபடியால்தான் அவவாலை ஒரு வாய் சோறு தின்ன முடிஞ்சது. நான் அராவியிருந்தாலும் இப்பிடித்தான் அராவியிருப்பன்."

கதிராமத்தம்பி தலையாட்டினார். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. "இனி என்னத்துக்கு ஐயா," என்றுவிட்டு வெளியே போனார்.

அவர் போனதும் பெரியையா என்னிடம் பூமணியக்காவின் சாந்து அச்சைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தட்டை அதன் மேல் வைத்தார். வலது பக்கம் அன்றைக்குப் போலவே கச்சிதமாக உட்கார்ந்தது. இடது பக்கத்தில் தட்டும் இல்லை, பல்லும் இல்லை, வெறும் இடம். ஒவ்வொரு முறையும் புண் முன்னே வர வர, அக்கா தட்டைப் பின்வாங்கச் செய்திருக்கிறா. நோவு இல்லாமல் இருந்ததில்லை. நோவு வந்த ஒவ்வொரு முறையும் எங்களிடம் வராமல் சாணைக்கல்லுக்குப் போயிருக்கிறா. பெரியையா அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார்.

"வாங்கில இருந்த மனுசனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கவேணும்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் முறை மாறியது. கதவைச் சாத்துமுன் நோயாளியிடம், "ஆரைக் கூப்பிட?" என்று கேட்பார். ஒருவரும் வேண்டாம் என்றால், ஒரு பெயரைச் சொல்லும்வரை விடமாட்டார். அதனால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சிலர் கொழும்புக்குப் போனார்கள். சில வீடுகளில் சண்டை வந்தது.

இளம் டொக்டருக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் திருகாணியை எலும்பு கவ்விக்கொள்ளட்டும், நல்லது. ஆனால் அதை இறக்குமுன் கொடுப்புக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். பிறகு வெளியே வாங்கில் யார் இருக்கிறார்கள் என்றும் எட்டிப் பாருங்கள்.

அன்றைக்குக் கதிராமத்தம்பியைத் தனியே விட மனமில்லாமல், பெரியையாவிடம் சொல்லிவிட்டு விரைந்து போய் வழியில் பிடித்து, துறைவரை கூடப் போனேன். லாஞ்சில் ஆட்கள் ஏறத் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் வீட்டை வந்தனீங்கள் எண்டு சொன்னவ. உங்களிட்டையாவது நோகுது எண்டு சொன்னவவோ?"

"இல்லை அண்ணை. ஒரு நோவுமில்லை எண்டுதான் சொன்னவ."

"அப்ப ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை," என்றார். லாஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "தேய்ச்சுக் குடுத்த பிறகும் கையிலையே வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பா. 'இன்னும் கொஞ்சம் அராவுங்கோ' எண்டு மட்டும் சொல்லுவா. அவ நோகுது எண்டு சொன்னது அதுதான் தம்பி. எனக்கு விளங்கேல்லை."

ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் ஏறிப் போய், மூதூர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.